புதுப்பிப்பு: முட்டம் கடலில் கண்ணாடி மங்கிய கதை

முட்டத்தில் பாறையோரம் மீன்களைப் படமெடுக்க இறங்கினால் பத்தே நிமிடத்தில் ஹவுசிங் (கேமராவைத் தண்ணீர் படாமல் மூடி வைக்கும் பெட்டி) கண்ணாடி உள்பக்கம் மங்கிவிடுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். மூடி வழியே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கசிகிறதோ என்று பலர் கேட்டீர்கள். இல்லை. கேமரா இல்லாமல் டிஷ்யூ பேப்பர் மட்டும் வைத்து மூடி, வாளித் தண்ணீரில் கல்லை ஏற்றி அரை மணி நேரம் அமுக்கிப் பார்த்தேன். பேப்பர் நனையவே இல்லை.

குற்றவாளி நான்தான். கடற்கரையில் வேர்த்த கையோடு மூடி, அந்த ஈரக் காற்றையும் உள்ளே பூட்டியிருக்கிறேன். வீடியோ எடுக்க எடுக்கக் கேமரா சூடாகும், கடல் கண்ணாடியைக் குளிர வைக்கும். உள்ளிருக்கும் ஈரம் வேறெங்கே போய் ஒட்டும்?

இப்போது முந்தின இரவே பேட்டரி, கார்டு எல்லாம் போட்டு ஏசி அறையில் மூடிவிடுகிறேன். கரையில் திறப்பதே கிடையாது. கூடவே உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. அது ஓ-ரிங்கில் மாட்டினால் தண்ணீர் உள்ளே வந்துவிடும், கவனம். பொட்டலத்திலுள்ள நீல மணி இளஞ்சிவப்பாகிவிட்டால் அது ஈரம் குடித்து முடித்துவிட்டது, மாற்றுங்கள். அப்புறம், இறங்கும்வரை ஹவுசிங்கை வெயிலில் போடாமல் ஈரத் துண்டால் மூடி வைக்கிறேன்.

நேற்று நாற்பது நிமிடம் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கடல்தான் கலங்கல், ஒரு மீனும் தெரியவில்லை.