பொருள்: புரொக்சிக்குத் தமிழில் பதிலியா, பதிலளவையா?

பம்பலப்பிட்டியிலிருந்து:
வணக்கம். உயர்தர மாணவருக்கான பழங்காலநிலைப் பயிற்சித்தாளில் புரொக்சியை (proxy, அன்றைய காலநிலையை மறைமுகமாக அறிய உதவுவது) ‘பதிலி’ என்று எழுதியிருக்கிறோம். ‘மறைமுகச் சான்று’ மேல் என்கிறார்கள் சிலர். எதை வைக்கலாம்?

வெள்ளவத்தையிலிருந்து:
இரண்டும் வேண்டாம். ‘பதிலி’ என்றதும் மாணவர் முருகைக்கல்லையே புரொக்சி என்று எழுதிவிடுவார்கள். முருகைக்கல் பதிவைத் தாங்கி நிற்கும் பொருள். அதை ‘இயற்கைச் சுவடி’ எனலாம் (தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கும் ஊரில் இந்தச் சொல் யாருக்கும் புதிதல்ல). அதில் நாம் அளக்கும் ஒட்சிசன் 18, 16 சமதானிகளின் (திணிவு வேறுபட்ட ஒட்சிசன் அணுக்களின்) விகிதம்தான் புரொக்சி. அன்றைய வெப்பநிலையை இன்று நேரே அளக்க முடியாது, அதற்குப் பதிலாக இதை அளக்கிறோம்: பதிலளவை.

செய்முறையைப் பார்த்தால் விளங்கும். போரைற்றிஸ் வகை முருகைக்கல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். துளைத்தெடுத்த தண்டைச் சில மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகையாக அறுத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தால், அடர்த்தி கூடிய பட்டையும் குறைந்த பட்டையும் மாறிமாறித் தெரியும். ஒரு சோடி ஓர் ஆண்டு. வளர்ச்சி அச்சு வழியே 1 மி.மீ.க்கு ஒருமுறை தூள் எடுத்தால் கிட்டத்தட்ட மாதத்துக்கு ஒரு மாதிரி. அச்சை விட்டு விலகினால் பருவ ஏற்றவிறக்கம் மழுங்கிவிடும். தூள், சமதானி விகிதத்தை அளக்கும் திணிவு நிறமாலைமானிக்குப் போகும்.

நீர் 1 பாகை செல்சியஸ் சூடானால் விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 0.2 குறையும். எனவே 0.6 குறைந்திருந்தால் 3 பாகை என்று மாணவர் உடனே எழுதுவார்கள். அங்கேதான் மறிக்க வேண்டும். மழைநீரும் ஆற்றுநீரும் கலந்து கடலின் உவர் குறைந்தாலும் இதே விகிதம் குறையும். வங்காள விரிகுடாப் பக்கம் இதை ஒதுக்கவே முடியாது. அதனால் அதே தூளில் ஸ்ரொன்சியம்–கல்சியம் விகிதத்தையும் அளக்கிறார்கள். அதுவும் வெப்பம் கூடக் குறையும், ஆனால் உவருக்கு அவ்வளவாக அசையாது. அது 1 பாகைதான் காட்டினால், அதற்குரிய 0.2 போக மீதி 0.4 கடல்நீரில் வந்த மாற்றம். ஒரே சுவடி, இரண்டு பதிலளவைகள். ‘பதிலி’யை வைத்து இந்த வசனத்தை எழுதிப் பாருங்கள்.

இன்னொன்றும் தாளில் வரட்டும். முருகைக்கல்லின் நுண்துளைகளில் பிற்காலத்து அரகனைற்று (கல்சியம் காபனேற்றுக் கனிமம்) படிந்திருந்தால் இரண்டு விகிதமும் சேர்ந்தே பொய்க் குளிரைக் காட்டும். ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பிடிக்க முடியாது. மெல்லிய சீவலை முதலில் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
சமதானிக்குப் பொருந்துகிறது. ஹோர்ட்டன் சமவெளியின் முற்றா நிலக்கரியில் கிடைத்த மகரந்தத்தைக்கூட எண்ணிச் சதவீதமாக்கலாம். பனியாறு தள்ளிவிட்டுப் போன கற்குவியலில் எதை அளப்பது? அது கிடக்கும் இடமே சான்று. ‘அளவை’ அங்கே இடறுகிறது.

வெள்ளவத்தையிலிருந்து:
அளவை என்றால் அளவீடு மட்டுமல்லவே, அறியும் வழியும்தான். சைவசித்தாந்தத்தில் காட்சி, கருதல், உரை மூன்றும் அளவைகள்தான். புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதலளவை என்றால், கற்குவியலைக் கண்டு பனியாறு எட்டிய எல்லையை அறிவதும் அதுவே. மகரந்தத்துக்கு மட்டும் ஓர் அடிக்குறிப்புத் தேவை: சதவீதம் என்பதால், ஒரு தாவரத்தின் மகரந்தம் பெருகினால் மற்றவை குறையாமலே குறைந்ததுபோல் தெரியும்.

பம்பலப்பிட்டியிலிருந்து:
சரி. ‘முருகைக்கல் என்னும் பதிலி’ என்றிருந்ததை ‘முருகைக்கல்லின் ஒட்சிசன் பதிலளவை’ என்று மாற்றுகிறோம். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் புரொக்சி என்பதும் பக்கத்தில் நிற்கும்.