ஒழுகும் வீட்டுக்கு மீதிப் பணம் கேட்டு வக்கீல் நோட்டீஸ்: எப்படிப் பதில் போடுவது?

காங்கேயத்துப் பெண்:
வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் அம்மாவுக்காக 800 சதுர அடியில் வீடு கட்டினேன். பொருளும் கூலியும் சேர்த்து சதுர அடி 2,200 ரூபாய் என்று பேசி, பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மொத்தம் 17,60,000. அதில் 15,40,000 பேங்க் வழியாகக் கொடுத்தாயிற்று. சித்திரையில் பால் காய்ச்சினோம்.

ஐப்பசி மழைக்கு சமையலறை ஒழுக ஆரம்பித்தது. அடுப்பு மேடையில் இரண்டு போசி வைத்து, ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தண்ணீரைக் கொட்டினார் அம்மா. 71 வயதுங்க அவருக்கு. பூச்சு பொத்துக்கொண்டு விழுந்த இடத்தில் கம்பி தெரிகிறது, விரலால் தேய்த்தால் துரு ஒட்டுகிறது. கான்கிரீட் போட்டபோது மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது மூன்றே நாள். நான் கேட்டதற்கு, "அது போதுமுங்க அக்கா" என்றார் கட்டியவர்.

ஒழுகலைச் சொன்னதும், "மழை விடட்டுமுங்க, வந்து பார்த்துத் தர்றேன்" என்று வாய்ஸ் அனுப்பினார். ஆள் வரவில்லை, வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது. மீதி 2,20,000, அதற்கு 24 சதவீத வட்டி, 15 நாளில் கட்டாவிட்டால் வழக்காம். ஒழுகலைப் பற்றி ஒரு வரி இல்லை. வேலை ஆரம்பிக்கும்போது வாங்கிய, கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றும் அவரிடம் இருக்கிறது. வேறொரு இன்ஜினியர் வந்து பார்த்து, சரிசெய்ய 1,35,000 ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். கொத்தனாருக்குக் கூலி பாக்கி என்கிறார் கட்டியவர், அது வேறு மனதை உறுத்துகிறது. நான் என்ன செய்யட்டும்?

பல்லடம் தறிக்காரர்:
நோட்டீஸுக்கெல்லாம் பதில் போடாதீங்க அக்கா. என் பங்காளிக்கு மூன்று வந்தது, ஒன்றும் ஆகவில்லை. முதலில் மொட்டை மாடியில் தட்டு ஓடு பதித்து ஒழுகலை அடையுங்க.

ஈரோடு வக்கீல்:
தம்பி சொல்வதைக் கேட்க வேண்டாம் அம்மா. பேசாமல் இருந்தால், வழக்கு வரும்போது "அன்றைக்கு ஏன் குறை சொல்லவில்லை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். 15 நாளுக்குள், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபாலில் பதில் போடுங்கள். எந்த அறையில், எந்தத் தேதியில், என்ன குறை என்று எழுதுங்கள். "பணம் வந்ததும் தருகிறேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முழுக் கடனையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்: ஒழுகுகிறது என்பதற்காக 2,20,000-மும் தர வேண்டாம் என்று எந்த நீதிபதியும் சுலபத்தில் சொல்ல மாட்டார். செய்த வேலைக்குப் பணம் உண்டு, கெடுத்த வேலைக்குக் கழிவு உண்டு. ரிப்பேர் செலவைக் கழித்து 85,000 தரத் தயார் என்று எழுதுவதுதான் உங்களுக்குப் பலம். கூலி பாக்கி என்ற உறுத்தலுக்கும் அதுவே பதில். பத்திரத்தில் வட்டிப் பேச்சே இல்லையென்றால் 24 சதவீதம் அப்படியே செல்லாது.

அந்த செக், பாதுகாப்புக்காக மட்டும் கொடுத்தது என்பதையும் பதிலில் எழுதிவிடுங்கள். செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று பேங்கில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்தாலும், செக் திரும்பியதற்கான 138-வது பிரிவில் வழக்கு வரலாம். அந்த நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட, கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான், தூங்கிவிடக் கூடாது.

அவர் சிவில் கோர்ட்டுக்குப் போனால், உங்கள் நஷ்டத்தை அதே வழக்கில் எதிர்க்கோரிக்கையாகக் கேட்கலாம். நீங்களாகப் போவதென்றால் திருப்பூர் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்திருக்கும் தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

கோபி சிவில் இன்ஜினியர்:
அக்கா, தட்டோட்டை இப்போது தொடவே வேண்டாம். அது குறையை மூடிவிடும், அப்புறம் எதைக் காட்டுவீர்கள்? துருக் கம்பிக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். சாதாரணச் சூழலில் மேல்தளக் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகை மேலேயே கிடத்திப் போட்டால் இப்படித்தான் பூச்சோடு வெளியே வரும். தண்ணீர் கட்டுவதும் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி குறைந்தது 7 நாள், சாம்பல் போன்றவை கலந்த பிபிசி சிமென்ட்டாக இருந்தால் 10 நாள். சிமென்ட் பில் இருந்தால் எந்த ரகம் என்று பாருங்கள். அந்த வாய்ஸை அழித்துவிடாதீர்கள், அந்த போனையும் மாற்ற வேண்டாம். செலவு எழுதிக் கொடுத்த இன்ஜினியரிடம் காரணத்தையும் எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். வெறும் தொகை மட்டும் இருந்தால் கோர்ட்டில் நிற்காது.

காங்கேயத்துப் பெண்:
ரொம்ப நன்றிங்க. பில் எல்லாம் பீரோவில் இருந்தது, சிமென்ட் எல்லாம் பிபிசிதான். நேற்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், கம்பிக்கு அடியில் 6 மில்லிமீட்டர்கூட இல்லை. அம்மா பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார். பதில் எழுதும்போது 85,000 என்றே எழுதப் போகிறேன், கூலிக்காரர் பணம் நமக்கு வேண்டாம் என்று அம்மாவும் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை சட்ட உதவி கேட்டுத் திருப்பூர் போகிறேன். அதுவரைக்கும் அடுப்பை ஆசாரத்துக்கு (கூடத்துக்கு) மாற்றியிருக்கிறோம்.