பழைய மழை நோட்டுகள உக்காந்து டைப் பண்றது அவசியமா, வெட்டிச் செலவா?

கீழைக்காத்து:
2020 மார்ச் கடைசில ஊரடங்கு ஆரம்பிச்ச சமயம், இங்கிலாந்துல ரெடிங் யுனிவர்சிட்டி காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் ஒரு வேண்டுகோள் வச்சார். 1677லேர்ந்து 1960 வரைக்கும் கையால எழுதுன மழைக் கணக்கு, 66,000 தாள் ஸ்கேன் ஆகி கெடக்கு, வீட்ல இருக்கறவங்க டைப் பண்ணிக் குடுங்கன்னு. 16,000 பேர் வந்து 16 நாள்ல 52 லட்சம் எண்ண ஏத்திட்டாங்க. நம்ம நுங்கம்பாக்கத்துல 1792ல கட்டுன மெட்ராஸ் அப்சர்வேட்டரியோட கருங்கல் தூண் இன்னும் வானிலை மைய வளாகத்துக்குள்ள நிக்குது, அதுல தமிழ்லயும் எழுதியிருக்கு. அங்க வானியலாளரா இருந்த கோல்டிங்காம் காலத்துல 1796லேர்ந்து அங்க வானிலை குறிச்சிருக்காங்க, மழைக் கணக்கு 1813லேர்ந்து இருக்கு. சென்னைய விடுங்க, தாலுகா ஆபீஸ், ரயில்வே, எஸ்டேட்னு மாகாணம் முழுக்க எழுதி வச்சது எவ்ளோ இருக்கும்? நாமளும் ஆள் சேர்த்து செய்யணும்.

கணக்குப்பிள்ளை:
ஆர்வம் புரியுது, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். 2015 டிசம்பர் 1 ராத்திரி எங்க வீட்ல கழுத்தளவு தண்ணி, அம்மாவ தூக்கிட்டு மாடிக்கு ஓடுனவன் நான். அன்னிக்கு எனக்கு வேண்டியிருந்தது ஆத்துல எவ்ளோ தண்ணி தொறக்கறாங்கங்கற தகவல், 1813ல எவ்ளோ மழைங்கறது இல்ல. இருக்கற காச மழைமானி, ரேடார், வடிகால்னு போடுங்க. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி எந்த செவுத்துல தெர்மாமீட்டர மாட்டி வச்சாங்களோ, அந்த எண்ண நம்பி என்ன ஆராய்ச்சி பண்ணுவீங்க?

நித்யா_ரெடிங்:
அண்ணா, உங்க வீட்டுக் கதைய படிச்சிட்டு அந்த வடிகால்லயே ஆரம்பிக்கறேன். வடிகால் எவ்ளோ அகலம் வேணும்னு இஞ்சினியர் எத வச்சு முடிவு பண்ணுவார்? நூறு வருஷத்துல ஒருக்கா வர்ற மழை எவ்ளோங்கற கணக்க வச்சுதான். 2015 நவம்பர்ல சென்னைல 1,049 மி.மீ. பெஞ்சப்ப இது வரைக்கும் பாக்காத மழைன்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா 1918 நவம்பர்ல 1,088 பெஞ்சிருக்கு. அந்த ஒத்த வரிய ஒருத்தர் எழுதி வச்சதாலதான் நமக்கு அது தெரியுது. அதுக்கு முன்னாடி இன்னும் எத்தன 1918 இருக்கோ?

நான் அந்த 16 நாள்ல டைப் பண்ணவ. ஒரு தாள்ல பத்து வருஷம், ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு மாச மழை, கீழ வருஷக் கூட்டல். ஒரே எண்ண பல பேர் தனித்தனியா அடிக்கணும், அப்பறம் பன்னெண்டு மாசத்தையும் கூட்டி கீழ இருக்கற கூட்டலோட ஒப்பிடுவாங்க, இடிச்சா திரும்ப பாப்பாங்க. அந்த உழைப்பால பிரிட்டனோட தேசிய மழைக் கணக்கு 1862லேர்ந்து 1836க்கு பின்னால போச்சு, ரொம்ப வறண்ட வருஷம் 1887ன்னு இருந்தது 1855ன்னு மாறிடுச்சு.

கணக்குப்பிள்ளை:
1918 விஷயம் எனக்குத் தெரியாது, சரி. ஆனா மழை வேற, வெப்பம் வேற. தெர்மாமீட்டர வெயில் படாம உள்ள வைக்கற ஸ்டீவன்சன் பெட்டி வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி அளந்தான். 1815 ஏப்ரல்ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சப்ப மெட்ராஸ்ல மைனஸ் 3 டிகிரி போச்சு, பனி பெஞ்சுச்சுன்னு ஒரு செய்தி சுத்துதே, அதுவும் பழைய ரெக்கார்டுன்னுதான சொல்றாங்க?

கீழைக்காத்து:
அந்த மைனஸ் 3 கதைய நான் நம்பல, ஏப்ரல் மாசம் வங்காள விரிகுடா கரையில கடல் அவ்ளோ சூடா இருக்கறப்ப அது நடக்கற காரியமே இல்ல. அதுக்குத்தான் சொல்றேன், அந்த நாளோட பக்கத்த படமா எல்லார் முன்னாடியும் வச்சா இந்தக் கதை ஒரே நாள்ல முடிஞ்சிரும்.

தெர்மாமீட்டர் பத்தி நீங்க சொல்றது நியாயம், வெயில் படற எடத்துல இருந்தா ரெண்டு மூணு டிகிரி கூட காட்டும். ஆனா காத்தழுத்தம் அப்படி இல்லங்க. பாதரச பாரோமீட்டர் வீட்டுக்குள்ள இருந்தாலும் வெளிய இருந்தாலும் அழுத்தம் ஒண்ணுதான், சூட்டுல பாதரசம் விரியறதுக்கு ஒரு திருத்தம் போடணும், அதுக்குன்னே பக்கத்துல ஒரு தெர்மாமீட்டர மாட்டி அதையும் சேர்த்து எழுதியிருப்பாங்க. 1836 வரைக்கும் பழைய வானிலைய கம்ப்யூட்டர்ல மறுபடி உருவாக்குனாங்களே, இருபதாம் நூற்றாண்டு மறுபகுப்பாய்வுன்னு, அதுக்குள்ள போற வானிலை அளவு தரைமட்ட காத்தழுத்தம் மட்டும்தான். கடல் வெப்பம், கடல் பனி ரெண்டையும் தனியா குடுத்துருவாங்க, காத்து மழையெல்லாம் மாடலே போட்டு எடுத்துக்கும். கிழக்கிந்திய கம்பெனி கப்பல்களோட லாக்புக்குல, அதாவது பயணக் குறிப்பு நோட்டுல இருந்து கூட ரெண்டரை லட்சத்துக்கு மேல அளவு எடுத்துட்டாங்க. கப்பல் நடுக்கடல்ல எழுதுனதே உதவுறப்ப நுங்கம்பாக்கத்துல ஒரே எடத்துல உக்காந்து வருஷக்கணக்கா எழுதுனது உதவாதா?

இன்னொண்ணு. இந்தியாவுக்கு ஆராய்ச்சில அதிகம் எடுத்தாளுற தினசரி மழைக் கட்டத் தொகுப்பு, அதாவது நாட்ட சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் மழை போட்ட தொகுப்பு, 1901லதான் தொடங்குது. தாது வருஷப் பஞ்சம் 1876லேர்ந்து 78 வரைக்கும், கஞ்சித்தொட்டி திறந்தும் லட்சக்கணக்குல ஜனம் செத்தது, அந்த மழை பொய்ச்ச நாட்கள் அந்தத் தொகுப்புக்குள்ளயே வராது. மாசக் கணக்கு சில ஊருக்கு இருக்கு, ஆனா எந்த வாரம் மழை நின்னுச்சு, விதைச்ச அப்பறமா முன்னாடியாங்கறது தினசரி நோட்டுலதான் இருக்கும்.

வால்பாறைக்காரன்:
நான் படிச்சவன் இல்லீங்க, ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். எங்க தாத்தா எஸ்டேட்ல ரைட்டரா இருந்தாரு. தினம் காலைல மழைக்குடுவைய எடுத்து அளந்து ரெண்டு இஞ்ச் நாப்பது சென்ட்னு (சென்ட்னா இஞ்ச்ல நூத்துல ஒரு பங்கு) எழுதுவாரு, காய்ச்சல்ல கெடந்தாலும் அப்பாவ அனுப்பி அளக்கச் சொல்லுவாராம். முப்பது வருஷ நோட்டு ஆபீஸ்ல இருந்துச்சு. கட்டடம் மாத்தறப்ப மொத்தத்தையும் பழைய பேப்பர் கடைக்கு கிலோ கணக்குல போட்டுட்டாங்க. வீட்ல அவரு பிரதி எடுத்து வச்ச மூணு நோட்டுதான் மிச்சம். பணம் அப்பறம் ஒதுக்கலாம், செல்லரிச்ச பேப்பர அப்பறம் எங்க போய் வாங்கறது?

டேட்டா_தம்பி:
ஆளுங்க எதுக்கு, ஏஐ கிட்ட படத்த குடுத்தா ரெண்டு நிமிஷத்துல படிச்சிரும்ல?

நித்யா_ரெடிங்:
தம்பி, அச்சடிச்ச பட்டியல்னா ஓரளவு படிக்கும், நானே பாத்திருக்கேன். கையெழுத்துல பாரோமீட்டர் 29.845ன்னு முதல் வரில எழுதிட்டு அடுத்த வரிலேர்ந்து 29ஐ விட்டுட்டு வெறும் 845 மாதிரி எழுதுவாங்க, மேல உள்ளதேன்னு ரெண்டு கோடு போடுவாங்க, மை ஊறி 3 போய் 5 மாதிரி நிக்கும். தப்பா படிச்சாலும் மெஷின் தயங்காம ஒரு எண்ண குடுத்துரும், அதுதான் பயம். மெஷின் முதல்ல படிக்கட்டும், ரெண்டு மனுஷங்க சரிபாக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
வால்பாறைத் தம்பி சொன்னது மனச தொட்டுச்சு. என் நெலப்பாடு முழுசா மாறலன்னாலும் ஒண்ணு ஒத்துக்கறேன், டைப் பண்றது அஞ்சு வருஷம் தள்ளிப் போகலாம், படம் எடுக்கறது தள்ளிப் போகக் கூடாது. படம் எடுக்கறப்ப எண்ண மட்டும் எடுக்காதீங்க, மழைக்குடுவை எங்க இருந்துச்சு, எத்தன மணிக்கு அளந்தாங்க, எப்ப எடம் மாத்துனாங்கங்கற குறிப்பு இல்லன்னா அந்த எண்ண எந்த கணக்குலயும் நான் சேர்க்க விடமாட்டேன். ஆடிட்ல இருந்தவன், வவுச்சர் இல்லாத கணக்கு எனக்கு கணக்கே இல்ல.

வால்பாறைக்காரன்:
முதல் பக்கத்துல தாத்தா எழுதியிருக்காருங்க, "காலை 7 மணி, பங்களா முன்புறம், மரம் இல்லாத இடம்"னு. ஞாயித்துக்கிழமை வெளிச்சத்துல வச்சு மூணு நோட்டையும் அட்டைலேர்ந்து அட்டை வரைக்கும் படம் எடுக்கறேன். எங்க ஏத்தணும்னு யாராச்சும் சொல்லுங்க.