வேர்ட்பிரஸ் மெனுல ஒரு ஐட்டத்தோட பேரன்ட் (அதுக்கு மேல் அடுக்குல இருக்கிற ஐட்டம்) எதுன்னு டெம்ப்ளேட்ல எப்படி எடுக்கிறது?

கேள்வி

எல்லாருக்கும் வணக்கம், பெங்களூர்ல இருந்து கேக்குறேன். அல்சூர்ல நம்மாளு ஒருத்தரோட பாத்திரக்கடைக்கு சைட் பண்ணிட்டு இருக்கேன், தீம் நானே எழுதுறது, பழைய பிஎச்பி டெம்ப்ளேட் முறைதான், பிளாக் தீம் இல்ல. மெனு மூணு அடுக்கு: மேல பித்தளை, வெண்கலம், இரும்பு, அதுக்குள்ள சமையலுக்கு, பூஜைக்கு, அதுக்கும் கீழ உருளி, குத்துவிளக்கு, தூபக்கால்னு போகும். குத்துவிளக்கு பக்கத்துக்கு ஒருத்தர் வந்தா சைடுபார்ல தலைப்பா "பூஜைக்கு"ன்னு வரணும், கீழ அதே கூட்டத்துல இருக்கிற மத்த ஐட்டமும் வரணும், அவ்ளோதான் வேணும். பக்கத்தோட பேரன்ட் ஐடியைத் தர்ற டபிள்யூபி_கெட்_போஸ்ட்_பேரன்ட்_ஐடி ஃபங்ஷனைப் போட்டா பூஜ்யம் வருது. மெனு ஐட்டத்தோட மெனு_ஐட்டம்_பேரன்ட்ல வர்ற நம்பரை, தலைப்பு எடுக்கிற கெட்_த_டைட்டிலுக்குக் குடுத்தா சிலதுக்கு பேர் வருது, சிலதுக்கு காலியா வருது. ஆயுதபூஜைக்கு முன்னாடி சைட் ஓடணும்னு கடைக்காரர் ஆசைப்படுறார், யாராவது சொல்லுங்க.

பதில் 1

தம்பி, பக்கத்தோட பேரன்ட் வேற, மெனுல இருக்கிற பேரன்ட் வேற. நீங்க பக்கம் எல்லாத்தையும் தனித்தனியா போட்டுட்டு மெனுலதான் அடுக்கியிருக்கீங்க, அதான் பூஜ்யம் வருது, அது சரியான பதில்தான்.

மெனுல நீங்க சேக்குற ஒவ்வொரு வரியும் டேட்டாபேஸ்ல நேவ்_மெனு_ஐட்டம்ங்கிற வகையில தனி போஸ்ட்டா உக்காரும், அதுக்குன்னு சொந்த ஐடி உண்டு. மெனு_ஐட்டம்_பேரன்ட்ல இருக்கிறது அந்த வரியோட ஐடி, பக்கத்தோட ஐடி இல்ல. பக்கத்தோட ஐடி ஆப்ஜெக்ட்_ஐடில இருக்கும். பேர் காலியா வர்றதுக்கும் காரணம் இருக்கு: மெனுல வைக்கிற பேரும் பக்கத்தோட தலைப்பும் ஒன்னா இருந்தா வேர்ட்பிரஸ் அந்த வரில தலைப்பை சேமிக்காம காலியா விட்டுடும், நீங்க பேரை மாத்தி வச்ச வரிக்கு மட்டும்தான் இருக்கும்.

அதனால டபிள்யூபி_கெட்_நேவ்_மெனு_ஐட்டம்ஸ் வச்சு மொத்த மெனுவையும் ஒரு தடவை எடுத்துக்கோங்க (மெனு ஐடி வேணும்னா கெட்_நேவ்_மெனு_லொகேஷன்ஸ்ல கிடைக்கும்). ஒரு ஃபோர்ஈச் லூப் ஓட்டி, வரியோட ஐடியை கீயா வச்சு ஒரு அரே (பட்டியல்) கட்டுங்க. அப்புறம் ஆப்ஜெக்ட்_ஐடி இப்ப திறந்திருக்கிற பக்கத்தோட ஐடியா இருக்கிற வரியைப் புடிச்சு, அதோட மெனு_ஐட்டம்_பேரன்ட்டை அதே அரேல தேடுங்க. அங்க கிடைக்கிற ஆப்ஜெக்ட்ல டைட்டில், யூஆர்எல் ரெண்டும் நிரப்பியே இருக்கும். அதே பேரன்ட் நம்பர் இருக்கிற வரியெல்லாம் உங்க சைடுபார் லிஸ்ட்.

பதில் 2

அண்ணன் சொன்னதோட இதையும் பாத்துக்கோங்க ப்ரோ. ஆப்ஜெக்ட்_ஐடியும் மெனு_ஐட்டம்_பேரன்ட்டும் ஸ்ட்ரிங்கா வரும், மூணு சமக்குறி போட்டு இன்டீஜரோட ஒப்பிட்டா எதுவுமே சிக்காது, முதல்ல இன்டா மாத்திக்கோங்க. மெனுல கேட்டகரி சேத்திருந்தா அதோட ஐடியும் ஒரு பக்கத்தோட ஐடியும் ஒரே நம்பரா இருக்க வாய்ப்பு இருக்கு, அதனால டைப் போஸ்ட்_டைப்பான்னும் செக் பண்ணுங்க. "பூஜைக்கு" வெறும் கஸ்டம் லிங்க்கா இருந்தா அதுக்குப் பின்னாடி பக்கமே கிடையாது, டைட்டில் மட்டும் எடுத்துக்கோங்க.

மெயின் மெனுல பேரன்ட் பேரை ஒட்டி அம்புக்குறி வைக்கத்தான்னா இவ்ளோ வேலையே வேணாம், 2013ல வந்த 3.7 வெர்ஷன்ல இருந்தே உள்ள ஐட்டம் இருக்கிற வரிக்கு மெனு-ஐட்டம்-ஹாஸ்-சில்ட்ரன்னு சிஎஸ்எஸ் கிளாஸ் தானா வருது. ஆனா அது மெனுவை அச்சிடுற டபிள்யூபி_நேவ்_மெனு வழியா போனாத்தான், நீங்க நேரா ஐட்டம்ஸ் எடுத்தா அந்த கிளாஸ் இருக்காது.

கேட்டவர்

ரொம்ப நன்றிண்ணா, நன்றி ப்ரோ, தலைப்பும் லிஸ்ட்டும் அழகா வருது! இன்னும் ஒன்னு, உருளியை சமையலுக்கு கீழயும் பூஜைக்கு கீழயும் ரெண்டு இடத்துல வச்சிருக்கோம், மக்கள் பூ போட்டு வைக்கவும் வாங்குறாங்க. எங்க இருந்து வந்தாலும் சமையலுக்குன்னே காட்டுது.

பதில் 1

ரெண்டு வரிக்கும் ஒரே ஆப்ஜெக்ட்_ஐடிதானே, லூப்ல முதல்ல மாட்டுறது வரும், மெனு வரிசைல சமையலுக்கு முன்னாடி இருக்கு. யூஆர்எல் ஒன்னுதான்ங்கிறதால ஆள் எந்த வழியா வந்தார்னு டெம்ப்ளேட்டுக்குத் தெரியாது. நான்னா அந்தப் பக்கத்துல ஒரு கஸ்டம் ஃபீல்டு (கூடுதல் தகவல் சேமிக்கிற இடம்) வச்சு எந்தக் கூட்டம்னு கடைக்காரரையே தேர்ந்தெடுக்க விட்டுடுவேன், ஃபீல்டு காலியா இருந்தா முதல் வரி. எந்தப் பொருள் எங்க விக்கும்னு அவருக்குத்தான் தெரியும்.