மறு: பிள்ளைகளுக்குப் பறை வாங்கும் பணம்

சொந்தங்களுக்கு வணக்கம்.

கலைத் திருவிழாவில் நம்ம ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாவட்டத்தைத் தாண்டி மாநிலப் போட்டிக்குத் தேறியதற்கு நாற்பது வாழ்த்து மடல் வந்திருக்கிறது. பணம் தருவதாகச் சொன்னவர்கள் ஏழே பேர். வெளிநாட்டில் இருக்கும் நம் சங்கத்தின் கணக்கு என் கையில் இருப்பதால் சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

2022இல் தொடங்கிய இந்தப் போட்டி பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும். கடைசியில் ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம். நம் காலத்தில் ஆண்டு விழாவில் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடியதோடு சரி. இவர்கள் பறையோடு போயிருக்கிறார்கள். அதுவும் அடைமழையில். ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது. மண்டபத்து வாசலில் நெருப்பு மூட்டிக் காய்ச்சவும் விடவில்லை. ஐந்து பறையில் மூன்று இரவல். இருந்தும் ஜெயித்தார்கள்.

இனி பண விஷயம். தேர்தலில் நிற்கப்போகிறவர் கையில் கொடுத்தால் ஒரே வாரத்தில் வாங்கி, மேடை போட்டுக் கொடுத்துவிடுவார் என்று துபாய்த் தம்பி எழுதியிருந்தார். தம்பி, அந்த மேடையில் பறையைவிட அவர் படம்தான் பெரிதாக இருக்கும். அது போகட்டும். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 வேட்பாளருக்கும் கட்சிக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் வெளிநாட்டுப் பணத்தைத் தொடத் தடை போட்டிருக்கிறது. அரசு ஊழியருக்கும் அதே தடை. ஆகவே தலைமையாசிரியர் கையில் கொடுக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கனடா, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்கள் கொடுத்தால் ஆகும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அதை வாங்கும் நிறுவனம் அந்தச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும், வாங்கியவர் இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. பறையையே சூட்கேஸில் கொண்டுபோய்ப் பள்ளிக்குக் கொடுத்தாலும் இதே சட்டம்தான்.

நம் சங்கத்தை வெளிநாட்டில் பதிந்திருப்பதால், எல்லோரும் சங்கக் கணக்கில் போட்டுச் சேர்த்து அனுப்பினால் இந்தியப் பாஸ்போர்ட்காரர் பணமும் வெளிநாட்டுப் பணமாகிவிடும். அதனால் எனக்கு அனுப்பாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் அவரவர் கணக்கிலிருந்து நேராக, 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்துக்கு நம் பள்ளியின் பெயரைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். ரசீதை மட்டும் எனக்குப் போடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அக்காவிடம் பேசிவிட்டேன். எது வாங்கினாலும் அவர்கள் தீர்மானம் போட்டுத்தான் வாங்குவார்கள்.

இன்னொன்று. கும்பாபிஷேகத்துக்குக் கேட்டபோது மூன்று நாளில் தொகை நிறைந்தது. அப்போது சட்டமும் பாஸ்போர்ட்டும் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. கணக்கு எழுதிய எனக்கும்தான். பறை என்றதும் “கீபோர்டு வாங்கித் தரலாமே”, “பரதம் சொல்லிக் கொடுக்கலாமே” என்கிறீர்கள். பரதத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பிள்ளைகள் கேட்டது பறை. எந்தத் தெருவில் அடித்த வாத்தியம் என்பதுதான் தயக்கம் என்றால், அதையாவது மடலில் வெளிப்படையாக எழுதுங்கள். கீபோர்டின் பின்னால் ஒளிய வேண்டாம்.

சிங்கப்பூர்ப் பெரியப்பா பாஸ்போர்ட் மாறியவர், அவர் பணத்துக்கு அந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது. சனிக்கிழமை காலையில் வீடியோவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒத்தையடி என்ற பறை அடியிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார். போன வாரம் செலவுப் பட்டியலை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரு வரியை அடிக்கச் சொன்னார்: “அடிக்குச்சிக்கு எதுக்கும்மா காசு? பள்ளிக்கூடத்து வேலியில பூவரசு நிக்குதில்ல, ஒடிச்சுக்கச் சொல்லு.”

அடித்துவிட்டேன். திருத்திய பட்டியல் இணைப்பில்.