வரையாடு பார்க்கப் போன அன்று பையில் இல்லாதது

கோத்தகிரிவாசி:
2024 ஏப்ரல் கடைசியில் வரையாடு கணக்கெடுப்புக்குத் தன்னார்வலனாக நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காப் பக்கம் போயிருந்தேன். கோடைதானே என்று பையில் பருத்திச் சட்டை, பிஸ்கட், தண்ணீர், பைனாகுலர், அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறியது, பின்னாலேயே மழை. புல்வெளியில் ஒதுங்க மரம் ஏது? முதுகில் வெள்ளி நிறம் விழுந்த கிடா ஒன்று எதிர்ப் பாறை விளிம்பில் தெரிந்தது. குறித்துக்கொள்ளலாம் என்றால் பென்சிலைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் தாளை வாங்கி எழுதினார். அப்புறம் தன் பையிலிருந்து பாலித்தீன் கவரில் சுற்றிய கம்பளி பனியனை எடுத்து, "முதல்ல ஈரத்தைக் கழட்டுங்க சார்" என்றார். அவருக்கிருந்த ஒரே மாற்று உடுப்பு அது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 1031 ஆடுகள் என்று அறிவித்தார்கள். என் கிடாவை எழுதியது நான் இல்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

மன்னவனூர்க்காரன்:
எனக்கு நேர்மாறு, பையில் எல்லாமே இருந்தது. பதினைந்து கிலோ. சீகை மரங்களுக்குள் ஒரு திருப்பத்தில் பத்தடி தூரத்தில் ஒற்றைக் காட்டுமாடு. மெல்லப் பின்வாங்கினால் பை கிளையில் மாட்டிக்கொண்டது, வெளியே தொங்கவிட்டிருந்த டம்ளர் 'டங்' என்று அடித்தது. தலையைத் தூக்கிச் சீறியது பாருங்கள், அந்த மூச்சுக் காற்று இப்போதும் காதில் இருக்கிறது. அசையாமல் நின்றேன், அதுவே சரிவில் இறங்கிப் போனது. பைக்கு வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள்.

கூடலூர்:
காவலர் செய்தது பெரிய காரியம், ஆனால் பாலித்தீன் கவர் என்று படிப்பவர்கள் கிளம்பிவிடப் போகிறார்கள். நீலகிரிக்குள் அதற்குத் தடை, சோதனைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள். ரெயின்கோட் துணியில் ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவம் சின்னது: சோலைக்குள் அட்டை ஏறி, அதற்கென்று வைத்திருந்த உப்பு மூட்டை நனைந்து கரைந்துபோய், சாக்ஸ் முழுக்க ரத்தம். அதனால் சொல்கிறேன், உப்பும் தீப்பெட்டியும் மூடி இறுகிய டப்பாவில் இருக்கட்டும். டார்ச் இரண்டு. குளிரில் செல்போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள். வெல்லமும் நிலக்கடலையும் போதும். பலாப்பழம், வாழைப்பழம் வேண்டவே வேண்டாம், யானை மோப்பம் பிடித்துவிடும். வனத்துறை அனுமதிச் சீட்டும் நனையாத இடத்தில்.

ஊட்டி:
பதினைந்து கிலோவுக்கு அலுத்துக்கொள்ளும் மன்னவனூர்க்காரருக்கு: என் தாத்தா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன் வேட்டைக்காரர்களுக்குச் சுமை தூக்கியவர். போகும்போது தோட்டாப் பெட்டி, கூடாரம், அரிசி. தனக்கென்று ஒரு கம்பளி. அது நனைந்தாலும் சூடு காக்கும் என்பார். ஒருமுறை துப்பாக்கியால் சுட்ட வரையாட்டுக் கிடாவையும் இறக்க வேண்டும். பெரிய கிடா நூறு கிலோ வரை இருக்கும். ஆள் போதவில்லை. எதையாவது விட்டுப் போகலாம் என்று பேச்சு வந்தபோது, தாத்தாவின் கம்பளியைத்தான் பாறையில் வைக்கச் சொன்னார்கள். அன்று ராத்திரி முழுக்க அடுப்பங்கரையில் நடுங்கிக்கொண்டிருந்தாராம். விடிந்ததும் தனியாக மலையேறிப் போய் எடுத்து வந்தார். அது இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது.