புதுப்பிப்பு: அம்மாவின் முழங்கால் ஆபரேஷனும் சுகர் மருந்துகளும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், அன்று காலை சுகர் மாத்திரை கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மயக்க மருந்து டாக்டர் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகச் சொன்னார். எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையை 3 நாள் முன்பே நிறுத்தச் சொன்னார். அந்த மாத்திரையோடு பட்டினியும் சேர்ந்தால், சுகர் ஏறக்குறைய சரியாகக் காட்டும்போதே, உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறிவிடலாமாம். விரலில் குத்திப் பார்க்கும் சுகர் கணக்கில் இது தெரியவே தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் கீட்டோனையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டாபாக்ளிஃப்ளோசினும் இதே வகைதான்.

மெட்ஃபார்மின் மாத்திரையை ஆபரேஷன் அன்று காலை மட்டும் கொடுக்க வேண்டாம் என்றார். முந்தின இரவு போடும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தவில்லை, கால்பங்கு குறைத்தார். அது அம்மாவுக்கான அளவு, உங்களுக்கு உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும். சொந்தக்காரர்கள் சிலர் இன்சுலினே வேண்டாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை.

சுகரை 6-க்கும் 10-க்கும் நடுவே வைத்திருந்தார்கள். இங்கே மில்லிமோல் கணக்கு. இந்தியாவின் மில்லிகிராம் கணக்கில் 108 முதல் 180.

அம்மா இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் எம்பாக்ளிஃப்ளோசின் மட்டும் நிறுத்தியபடியே இருக்கிறது.